கத்துறானா, அழுவுறானா

பஸ்ஸின் நெற்றியில் அரியலூர் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். கண்டக்டர் படியில் நின்றுகொண்டு அரியலூர், அரியலூர் என்று கூவிக்கொண்டிருப்பார். இருந்தும் அக்கா கீழே நிற்கிற ஒருவரிடம், "இது அரியலூர் போவுங்களா?" என்று கேட்பார். ஏறியதும் உள்ளே உட்கார்ந்திருக்கிற இன்னொருவரிடம் அதையே கேட்பார். அவரும் ஆமாம் என்று சொன்ன பிறகுதான் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். ஊருக்குப் புதுசாக வந்தவர் கேட்டால் பரவாயில்லை. நாலு வருஷமாகத் தினமும் அதே ஏழே முக்கால் பஸ்ஸில் போகிற மனுஷி இப்படிக் கேட்டால், பக்கத்து சீட்டில் இருக்கிறவளுக்குப் பற்றிக்கொண்டு வராதா? எனக்கு வந்தது.

"எழுதித்தானேக்கா இருக்கு, படிக்கத் தெரியாதா உங்களுக்கு?" என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"எழுதுனத மட்டும் நம்பி ஏறுனா எப்புடிங்க டீச்சர்? ரெண்டு பேரு சொல்லணும்ல," என்றார். முகத்தில் கோபமே இல்லை.

எனக்குப் பெரம்பலூரில் வீடு, அரியலூரில் வேலை. அங்கே ஒரு தனியார் பள்ளியில் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்தேன். அக்கா குரும்பலூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து பெரம்பலூரில் என்னோடு ஏறுவார். அரியலூரில் பத்திரம் எழுதுகிற ஆபீஸ் ஒன்றில் டைப் அடிக்கிற வேலை. இரண்டு சாட்சி கையெழுத்து இல்லாமல் அந்த ஆபீஸிலிருந்து ஒரு காகிதமும் வெளியே போகாது. அக்கா அந்த வழக்கத்தைச் சமையலறை வரைக்கும் கொண்டுபோயிருந்தார். காலை எட்டு மணிக்கு, ஓடுகிற பஸ்ஸில், டிபன் பாக்ஸைத் திறந்து ஒரு ஸ்பூன் புளிக்குழம்பை என் வாயருகே நீட்டுவார். உப்பு சரியா என்று நான் சொல்ல வேண்டும். சரி என்று சொன்னால் முன் சீட்டு அம்மாவுக்கும் ஒரு ஸ்பூன். நாங்கள் இரண்டு பேரும் வேறு வேறு மாதிரி சொல்லிவிட்டால் மூன்றாவதாக ஒருவரைத் தேடிக் கண்கள் அலையும். பல் தேய்த்த வாசனை போவதற்குள் நான் எத்தனை குழம்பு நக்கியிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

அவர் என் காதில் ஹெட்போன் வயரைச் செருகியது ஒரு திங்கட்கிழமை. கேட்காமல் கொள்ளாமல் செருகினார். முதலில் பஸ்ஸுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். மிக்சியில் ஜல்லியைப் போட்டு அரைக்கிற சத்தம். அதற்கு மேல் ஒரு ஆண் குரல். பாடுகிற குரல் இல்லை. வாய்க்குள் துணியை அடைத்துக்கொண்டு யாரையோ திட்டுகிற மாதிரி. நான் வயரைப் பிடுங்கி எறியப் போனேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"முழுசாக் கேளுங்க டீச்சர். கேட்டுட்டுச் சொல்லுங்க. கோவத்துல கத்துறானா, இல்ல அழுவுறானா?"

"யாருக்கா இது?"

"அத இப்பச் சொல்ல மாட்டேன். சொன்னா உங்க மனசு மாறிடும்."

எட்டுப் பாட்டு, இருபத்தாறு நிமிஷம். பெரம்பலூரில் ஆரம்பித்தால் பேரளி தாண்டியதும் முடிந்துவிடும். நான் இரண்டாவது பாட்டிலேயே கழற்றிவிட்டு, "தொண்டை புண்ணாயிடும்க்கா இவனுக்கு," என்றேன். அக்கா பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார், யோசித்தார், மறுபடி உள்ளே வைத்துவிட்டார். நான் சொன்னது கணக்கில் சேராதாம்.

அந்தக் குரல் அவருடைய மகன் குரல். எனக்கு இது மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது. உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், நான் பட்ட குழப்பம் உங்களுக்கும் எதற்கு? மகன் பெங்களூரில் இருந்தான். அக்காவோடு பேசி இரண்டு வருஷம். கடைசியாகப் பேசியபோது, "நானாக் கூப்புடுற வரைக்கும் வராத," என்று சொல்லி வைத்தவன், பிறகு கூப்பிடவே இல்லை. திடீரென்று இந்தப் பாட்டுகள் இணையத்தில் வந்திருப்பதை யாரோ உறவுக்காரப் பெண் போனில் காட்டியிருக்கிறாள். பாட்டெல்லாம் இங்கிலீஷ். ஹார்ட்கோர் கலந்த ஹெவி மெட்டல் என்று இதற்குப் பெயராம், எங்கள் பள்ளிக் கம்ப்யூட்டர் சார் சொன்னார். இங்கிலீஷ் நடத்துகிற எனக்கே ஒரு வார்த்தை பிடிபடவில்லை. அக்காவுக்கு என்ன பிடிபடும்?

அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். பிள்ளை கோபத்தில் கத்துகிறான் என்றால், அழைக்காமல் போய் நின்றால் இன்னும் கெட்டுவிடும், போகக் கூடாது. அழுகிறான் என்றால் போகாமல் இருக்கக் கூடாது. போவதா வேண்டாமா என்பதை அந்த இருபத்தாறு நிமிஷத்தை வைத்துத் தீர்மானிக்க வேண்டும். தன் காதை அவர் நம்பவில்லை. அதனால் ஊரார் காதைக் கடன் கேட்டுக்கொண்டு திரிந்தார்.

அந்த நோட்டை ஒரு நாள் எனக்குக் காட்டினார். கை பழகிய பழக்கம், எல்லாவற்றையும் பத்திர பாஷையில் எழுதியிருந்தார். மேற்படி பாட்டை மேற்படி பஸ்ஸில் முழுமையாகக் கேட்டு, பிறர் தூண்டுதல் இல்லாமல், சுயபுத்தியுடன் சொன்ன அபிப்பிராயம் யாதெனில். அதற்குக் கீழே அபிப்பிராயம். அதற்குக் கீழே கையெழுத்து. எழுதத் தெரியாத இரண்டு பேரிடம் இடது பெருவிரல் ரேகையே வாங்கியிருந்தார். மை டப்பாவும் பையில் இருந்தது.

கண்டக்டர், இன்ஜினில் ஆயில் இல்லாமல் ஓடுகிற சத்தம், ஆனால் ஆள் கோபத்தில்தான் இருக்கிறான் என்று சொல்லியிருந்தார். கோர்ட்டு கேஸுக்காக அரியலூர் போய்வந்துகொண்டிருந்த விவசாயி ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு எட்டுப் பாட்டையும் கேட்டாராம். "இவன் நெலத்த எவனோ புடுங்கிட்டான். வவுறெரிஞ்சு அழுவுறான்," என்பது அவர் வாக்குமூலம். நர்சிங் படிக்கிற பெண், "சூப்பரா இருக்கு ஆன்ட்டி, செம்ம எனர்ஜி," என்று சொல்லி அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். சூப்பர் என்பது பதில் இல்லை, கேட்டது கோபமா அழுகையா என்று. அந்தப் பெண் பயந்துபோய், கோபம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்கிக்கொண்டாள். பத்திரம் எழுதுகிற முதலாளி ஒரே ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு, "இதுல ஏதோ வில்லங்கம் இருக்கும்மா," என்று சொல்லிக் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார்.

குலதெய்வத்தையும் விடவில்லை. கோயிலில் பூப்போட்டுப் பார்த்திருக்கிறார். சிவப்புப் பூவை ஒரு பொட்டலத்திலும் வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் கட்டி சாமி முன்னால் போட்டு, அங்கே விளையாடிக்கொண்டிருந்த ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொன்னார். வெள்ளை என்றால் அழுகை என்று நேர்ந்திருந்தார், வெள்ளைதான் வந்தது. வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே பெங்களூர் பஸ் ஏறியிருப்பார்கள். அக்கா அதையும் நோட்டில் ஒரு வரியாக எழுதி, சாமிக்காகப் பூசாரியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"சாமியே சொல்லிருச்சே, அப்புறம் என்னக்கா?"

"சாமியும் ஒரு ஆளு கணக்குதான் டீச்சர். இன்னொரு சாட்சி வேணும்ல."

இதைக் கேட்டு நான் தலையில் அடித்துக்கொண்டேன். நிஜமாகவே அடித்துக்கொண்டேன், முன் சீட்டு அம்மா திரும்பிப் பார்த்தார்.

பாட்டுக்குக் கீழே முகம் தெரியாத ஆட்கள் போட்டிருந்த கருத்துகளையும் வாசித்துச் சொல்லச் சொன்னார். தமிழாக்கி வாசித்தேன். ஒருவன், தலையை ஆட்டி ஆட்டிக் கழுத்து போச்சு, கும்பிடுகிறேன் என்று எழுதியிருந்தான். இன்னொருவன் இரண்டாவது பாட்டில் செத்தேன், ஐந்தாவதில் மறுபடி செத்தேன் என்றான். மூன்றாமவன், இதைக் கேட்டு என் வீட்டுச் சுவரை உடைத்துவிட்டேன், நன்றி என்று போட்டிருந்தான்.

"செவுத்த ஒடச்சுட்டு எதுக்கு நன்றி சொல்றான்?"

"புடிச்சிருக்குன்னு அர்த்தம்க்கா."

"புடிச்சிருந்தா ஏன் ஒடைக்கிறான்?"

எனக்கு என்ன தெரியும்? ஒரு ஆள் மட்டும் நீளமாக எழுதியிருந்தார். டிரம்ஸ் அவசரம், கிடார் சத்தம் ஒரே சேறு, முதல் மூன்று பாட்டு யாரோ செய்ததன் நகல், ஆனால் குரல் மட்டும் பொய் சொல்லவில்லை என்று. அக்கா அந்தக் கடைசி வரியை மூன்று தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு அந்த ஆள் எந்த ஊர், அவரிடம் நேரில் கையெழுத்து வாங்க முடியுமா என்று கேட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று எங்களை முந்திப் போனது, கண்ணெல்லாம் தூசி.

அன்றைக்கு எனக்கு ஏனோ பொறுமை போய்விட்டது. "நீங்க பெத்த புள்ளதானக்கா, அவன் குரல் உங்களுக்குத் தெரியாதா? இதுக்குப் போயி ஊரெல்லாம் கேப்பாங்களா?" என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

அக்கா நோட்டை மூடிப் பைக்குள் வைத்தார். ஜிப்பை இழுத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "ஒரே ஒரு தடவ நானா முடிவு பண்ணேன் டீச்சர். அவங்க அப்பா நெஞ்சு வலின்னாரு. வாயுவா இருக்கும்னு சோடா வாங்கிக் குடுத்துப் படுக்கச் சொன்னேன். விடியறதுக்குள்ள போயிட்டாரு. பக்கத்து வூட்ல ஒரு வார்த்த கேட்டுருந்தா ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பாங்க."

நான் நாலு வருஷம் அந்த மனுஷியைக் கிண்டல் செய்திருக்கிறேன். ஸ்டாஃப் ரூமில் அவரைப் போல நடித்துக்கூடக் காட்டியிருக்கிறேன்.

மகன் கதையை அதற்கு அப்புறம்தான் முழுசாகச் சொன்னார். அவன் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, வேலைக்குப் போக மாட்டேன், கிடார் வாசிக்கப் போகிறேன் என்றிருக்கிறான். அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன், கொழுந்தன், பக்கத்து வீடு, முதலாளி என்று எட்டுப் பேரை வீட்டுக்குக் கூப்பிட்டு, வடை பாயசத்தோடு சோறு போட்டு, பையனை நடுவில் நிற்க வைத்து அபிப்பிராயம் கேட்டிருக்கிறார். எட்டுப் பேரும் வேண்டாம் என்று கையைத் தூக்கினார்கள். அண்ணன் அப்போதே கிடாரைத் தூக்கி பைக்கில் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

"அவன் அவங்க யாரையும் பாக்கல டீச்சர். என்னத்தான் பாத்தான். 'நீ சொல்லும்மா'ன்னான். நான் எங்க அண்ணன் மூஞ்சியப் பாத்தேன்."

இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை.

மாசி முடிகிற சமயம் நோட்டில் இருபத்திரண்டு பேர் சேர்ந்திருந்தார்கள். கோபம் பதினொன்று, அழுகை பதினொன்று, சாமியையும் சேர்த்து. அக்கா அந்தப் பக்கத்தை என் முன்னால் விரித்துப் பிடித்தார்.

"நீங்க மட்டுந்தான் பாக்கி. இங்கிலீஷு தெரிஞ்சவங்க. முழுசாக் கேட்டு நாளைக்குச் சொல்லுங்க. நீங்க என்ன சொல்றீங்களோ அதான்."

உப்பு சரியா என்று சொல்வது ஒன்று, இது ஒன்றா? அன்றைக்கு மதியம் ஸ்டாஃப் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு எட்டுப் பாட்டையும் கேட்டேன். ஒரு மண்ணும் விளங்கவில்லை. கம்ப்யூட்டர் சார்தான், பாட்டு வரிகளை அவர்களே எழுதிப் போட்டிருப்பார்கள் என்று சொல்லித் தேடி எடுத்துக் கொடுத்தார். ஏழு பாட்டில் ரத்தம், தீ, இடிகிற கட்டிடம் என்று ஏதேதோ. கடைசிப் பாட்டு வெறும் நாலு வரி. தமிழில் சொன்னால் இப்படி வரும்: ஊரைக் கை தூக்கச் சொன்னாய். என் கை உன் கண்ணில் படவில்லை. கதவைப் பூட்டிவிட்டேன். சாவியை எங்கே வைப்பேன் என்று உனக்குத் தெரியும்.

இது கோபமா, அழுகையா? முதல் இரண்டு வரி கோபம். நாலாவது வரி வா என்று கூப்பிடுகிறதா, இல்லை, தெரிந்தும் வரவில்லையே என்று குத்துகிறதா? பதினான்கு வருஷம் இங்கிலீஷ் நடத்தியிருக்கிறேன், பொருள் விளக்குக என்று எத்தனையோ பிள்ளைகளுக்கு மார்க் குறைத்திருக்கிறேன். அந்த நாலு வரிக்கு எனக்குப் பொருள் தெரியவில்லை. அன்றைக்குப் பதினொன்றாம் வகுப்புக்கு என்ன நடத்தினேன் என்பதும் தெரியவில்லை.

அடுத்த நாள் காலை அக்கா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதல் இரண்டு வரியைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சொன்னால் இந்த மனுஷி இன்னும் பத்து வருஷத்துக்கு எழுந்திருக்க மாட்டார் என்று தோன்றியது.

"அழுகைதான்க்கா. முழுக்க அழுகை. அம்மா வந்தா கதவு தொறந்துதான் இருக்கும்னு பாடுறான்."

"வேற என்ன பாடுறான்?"

"வேற ஒண்ணுமில்லக்கா. அவ்வளவுதான்."

அக்கா என் முகத்தையே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பேனாவை மூடினார்.

"உங்களுக்குப் பொய் சொல்ல வரல டீச்சர்," என்றார். "நல்ல மனசுல சொல்றீங்க, தெரியுது. ஆனா இத எழுதிக்க முடியாது."

"அப்ப என்னக்கா பண்றது? பதினொண்ணுக்குப் பதினொண்ணுன்னு நிக்குதே."

"தெரியலையே," என்றார்.

அப்போதாவது நாலு வரியையும் உள்ளபடி சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் அவர் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் பஸ்ஸில் அவர் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. போன் போட்டால் எடுக்கவில்லை. என்னால்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நான் இரண்டு ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. வீட்டுக்காரரிடம் எரிந்து விழுந்தேன், பிள்ளைகளின் நோட்டில் தேவையில்லாமல் சிவப்புக் கோடு போட்டேன்.

அந்த வருஷம் கோடை விடுமுறைக்குப் பிறகு எனக்குப் பெரம்பலூரிலேயே ஒரு பள்ளியில் இடம் கிடைத்தது, ஏழே முக்கால் பஸ்ஸோடு உறவு விட்டுப்போனது. அக்காவையும் பிறகு பார்க்கவில்லை. அதனால் அவரைப் பற்றி எனக்குத் தெரிந்த கடைசி விஷயம், ஆறாவது நாள் திரும்பி வந்து அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னதுதான். போனால் என்ன ஆகும் என்று யாரிடமும் கேட்காமல், யாரிடமும் சொல்லாமல், திருச்சி போய் பெங்களூர் பஸ் ஏறியிருக்கிறார்.

"கதவத் தொறந்தானாக்கா?"

"தொறந்தான். என்னப் பாத்துட்டு அப்புடியே நின்னான். 'யாரு வரச் சொன்னா'ன்னு கேட்டான். 'யாரும் சொல்லல'ன்னேன். அப்புறம் செருப்ப வெளிய வுட்டுட்டு வான்னு சொல்லிட்டு உள்ள போயிட்டான்."

"கோவமா இருந்தானா?"

"தெரியல. தோச ஊத்திக் குடுத்தான். நானும் சாப்ட்டேன். அப்புறமாத்தான் கேட்டான், 'பாட்டக் கேட்டியாம்மா, எப்புடி இருக்கு'ன்னு."

ஊரில் இருபத்திரண்டு பேர் சொன்னது அவர் பையில் இருக்கிறது. அவர் சொந்தமாக ஒன்று சொல்லி இந்த நாலு வருஷத்தில் நான் கேட்டதே இல்லை.

"என்னக்கா சொன்னீங்க?"

"எனக்குப் புடிக்கலடான்னேன். காது வலிக்குதுடா, இப்புடிக் கத்துனா தொண்ட என்னத்துக்கு ஆவும்னேன்."

"அய்யோ, அப்புடியேவா சொன்னீங்க? அவன் என்ன பண்ணான்?"

"அடுப்புப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டான். தோளு ரெண்டும் குலுங்குது. சிரிக்கிறானா அழுவுறானா, பின்னாலேர்ந்து பாத்தா என்ன தெரியும்?" அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எதுவா இருந்தா என்னன்னு கிட்டப் போயி முதுகுல கைய வச்சேன்."